ஓபியாய்டு மருந்து நின்றால் மூளையிலும் நரம்பு மண்டலத்திலும் நிகழ்வது என்ன?

அறிமுகம்

ஓபியாய்டு வகை மருந்தையோ போதைப்பொருளையோ வாரக்கணக்கில் தொடர்ந்து பயன்படுத்திய ஒருவர், அதைத் திடீரென நிறுத்தினாலோ அளவைப் பெரிதும் குறைத்தாலோ, சில மணி நேரத்திலிருந்து ஓரிரு நாள்களுக்குள் வியர்வை, நடுக்கம், உடல்வலி, வாந்தி, வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை, கடும் பதற்றம் ஆகியவற்றுக்கு ஆளாகிறார். இதனை மருத்துவத்தில் 'விலகல் நிலை' என்கிறோம்.

"மன உறுதி இருந்தால் விட்டுவிடலாமே, இவரால் ஏன் முடியவில்லை?" என்று புறநோயாளிப் பிரிவுக்கு அழைத்து வரும் குடும்பத்தினர் பலர் கேட்பதுண்டு. நரம்பு உயிரணுக்களில் நேர்ந்துள்ள மாற்றத்தை அறிந்துகொண்டால் இக்கேள்விக்கு விடை கிடைக்கும். அதைவிட முக்கியமாக, பாதிக்கப்பட்டவரின் உயிருக்கு எப்போது ஆபத்து மிகுதி என்பதும் புரியும்.

நினைவில் கொள்ள வேண்டியவை

• விலகல் நிலை நரம்பு மண்டலத்தில் ஏற்படும் உண்மையான மாற்றத்தின் விளைவு. அது நடிப்போ பிடிவாதமோ அன்று.
• கடும் உடல் அறிகுறிகள் பெரும்பாலும் 1 முதல் 2 வாரங்களில் தணியும். மூளை பழைய நிலைக்குத் திரும்ப மாதங்கள் ஆகலாம்.
• விலகல் முடிந்தபின் பழைய அளவை மீண்டும் எடுத்தால் மூச்சு நின்று உயிரிழக்க நேரலாம்.
• பாதுகாப்பான, பயனுள்ள மருந்துகள் உள்ளன. வீட்டில் அடைத்து வைத்து நிறுத்த முயலாதீர்கள்.

ஓபியாய்டுகள் எவை?

அபினிலிருந்து பெறப்படும் மார்ஃபின், கோடீன். வேதிமுறையில் உருவாக்கப்படும் ஹெராயின், டிராமடால், டேபென்டடால், ஃபென்டனில், மெத்தடோன், பியூப்ரெனார்பின் முதலியன இவ்வகையைச் சேர்ந்தவை. இவற்றுள் பல, புற்றுநோய் வலிக்கும் அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய வலிக்கும் இன்றியமையாத மருந்துகள். கோடீன் கலந்த இருமல் மருந்தும் இவ்வகையே.

எய்ம்ஸ் நிறுவனம் மேற்கொண்டு 2019-இல் வெளியான தேசியக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் சுமார் 2.26 கோடி பேர் ஓபியாய்டுகளைப் பயன்படுத்துகின்றனர். ஹெராயினுக்கு அடுத்த இடத்தில் மருந்து வடிவிலான ஓபியாய்டுகளே உள்ளன. எனவே இது ஏதோ ஒரு பகுதிக்கோ ஒரு சாராருக்கோ மட்டும் உரிய சிக்கல் அன்று.

மூளையில் இவை எவ்வாறு செயல்படுகின்றன?

நம் உடலே வலியைத் தணிக்கும் பொருள்களைச் சுரக்கிறது. எண்டார்ஃபின், என்கெஃபலின் எனப்படும் அவை, நரம்பு உயிரணுக்களின் மேற்பரப்பில் உள்ள 'ஓபியாய்டு ஏற்பிகள்' என்னும் புரதங்களில் சென்று பொருந்துகின்றன. இந்த ஏற்பிகள் 1973-இல் கண்டறியப்பட்டன. 1975-இல் என்கெஃபலின் இனங்காணப்பட்டது. வெளியிலிருந்து வரும் மார்ஃபினும் ஹெராயினும் இதே ஏற்பிகளில்தான் பொருந்துகின்றன; ஆனால் உடல் தானாகச் சுரக்கும் அளவைக் காட்டிலும் பன்மடங்கு வலுவாக அவற்றைத் தூண்டுகின்றன.

ஏற்பி தூண்டப்பட்டதும் அந்த நரம்பு உயிரணுவின் செயல்பாடு தணிகிறது. இவ்வேற்பிகள் உடலில் பல இடங்களில் இருப்பதால் விளைவுகளும் பலவாகின்றன. தண்டுவடத்தில் வலிச் செய்தி தடைபடுகிறது; மூளைத்தண்டில் மூச்சின் வேகம் குறைகிறது; குடலில் அசைவு குறைந்து மலச்சிக்கல் உண்டாகிறது; கண்மணி சுருங்குகிறது. மூளையின் வெகுமதி மண்டலத்தில் டோபமைன் என்னும் வேதிப்பொருள் மிகுதியாக வெளிப்பட்டு இன்ப உணர்வு தோன்றுகிறது.

மூளை எவ்வாறு பழகிக்கொள்கிறது?

உடல் எப்போதும் சமநிலையை நாடும். நாள்தோறும் ஒரு மருந்து நரம்புகளை அடக்கி வைத்தால், அந்த அடக்கத்தை மீறித் தம் வேலையைச் செய்வதற்கேற்ப நரம்பு உயிரணுக்கள் தம்மை மாற்றிக்கொள்கின்றன. உயிரணுவின் உள்ளே செய்திகளைக் கடத்தும் 'சைக்ளிக் ஏஎம்பி' என்னும் பொருளின் உற்பத்தியை ஓபியாய்டு குறைக்கிறது. அதை ஈடுசெய்ய, அப்பொருளை உருவாக்கும் நொதிகளின் செயலாற்றலை உயிரணு படிப்படியாக உயர்த்திக்கொள்கிறது. ஏற்பிகளின் உணர்திறனும் குறைகிறது.

இதன் விளைவுகள் இரண்டு. முதலாவது, முன்பு போதுமானதாக இருந்த அளவு இப்போது போதாமல் போகிறது, இதுவே 'தாங்குதிறன்'. இரண்டாவது, மருந்து உள்ளே இருந்தால்தான் உடல் இயல்பாக இயங்கும் என்ற நிலை உருவாகிறது; இதுவே 'உடல்சார் சார்புநிலை'. இக்கட்டத்தில் பலர் இன்பத்திற்காக மருந்தை எடுப்பதில்லை. எடுக்காவிட்டால் வரும் துன்பத்தைத் தவிர்க்கவே எடுக்கின்றனர்.

மருந்து நின்றதும் நிகழ்பவை

சரிவான சாலையில் பிரேக்கை அழுத்திக்கொண்டே விசையையும் முழுமையாக மிதித்து ஓட்டப்படும் வண்டியை எண்ணிப் பாருங்கள். பிரேக்கிலிருந்து திடீரெனக் காலை எடுத்தால் வண்டி கட்டுப்பாடின்றிப் பாயும். மருந்து என்னும் தடை நீங்கும்போது நரம்பு மண்டலத்தில் நிகழ்வதும் இதுவே.

1. மூளைத்தண்டு: மூளைத்தண்டில் 'லோகஸ் செருலியஸ்' என்னும் மிகச் சிறிய நரம்புத் தொகுதி உள்ளது. மூளைக்குத் தேவையான நோர்அட்ரினலினின் முதன்மை ஊற்று இதுவே. ஆபத்து நேரத்தில் நம்மை விழிப்புடன் வைப்பது இதன் பணி. ஓபியாய்டு இதனை அடக்கி வைத்திருந்தது. மருந்து நின்றதும் இந்நரம்புகள் இயல்பைவிட மிகுந்த வேகத்தில் செயல்படுகின்றன. எந்த ஆபத்தும் இல்லாத போதே உடல் முழுவதும் அபாய எச்சரிக்கை பரவுகிறது. பதற்றம், அமைதியின்மை, தூக்கமின்மை ஆகியவற்றுக்கு இதுவே முதன்மைக் காரணம்.

2. தானியங்கு நரம்பு மண்டலம்: நம் விருப்பமின்றித் தானே இயங்கும் இம்மண்டலமும் மிகைச் செயல்பாட்டுக்கு உள்ளாகிறது. நெஞ்சு படபடப்பு, இரத்த அழுத்த உயர்வு, வியர்வை, கண்ணீர், மூக்கு ஒழுகுதல், ஓயாத கொட்டாவி, மயிர்க்கூச்செறிதல் ஆகியன தோன்றுகின்றன. சுருங்கியிருந்த கண்மணி விரிகிறது. இவற்றுள் பல, ஒருவர் வேண்டுமென்றே நடித்துக் காட்டக் கூடியவை அல்ல.

3. குடல் நரம்புகள்: குடலுக்கெனத் தனி நரம்பு வலையமைப்பு உண்டு. மருந்தால் மந்தமாகியிருந்த குடல் இப்போது மிகையாக இயங்குவதால் வயிற்றுப் பிடிப்பும் வயிற்றுப்போக்கும் உண்டாகின்றன. குமட்டலும் வாந்தியும் உடன் சேர்கின்றன.

4. வலிப் பாதைகள்: வலியைத் தணிக்கும் இயற்கையான அமைப்பு வலுவிழந்திருப்பதால், எலும்பும் தசையும் வலிக்கின்றன. மெல்லிய தொடுகையும் குளிர்ந்த நீரும்கூடத் துன்பம் தரலாம். கால்களை ஓரிடத்தில் வைக்க முடியாமல் உதறிக்கொண்டே இருப்பதும் உண்டு.

5. வெகுமதி மண்டலம்: டோபமைன் அளவு இயல்பைவிடக் கீழே சரிகிறது. பிடித்த உணவு, இசை, குழந்தையின் சிரிப்பு எதுவும் மகிழ்ச்சி தருவதில்லை. "எதிலும் பற்றில்லாமல் கல்லைப் போல இருக்கிறார்" என்று குடும்பத்தினர் வருந்துவது இந்நிலையைப் பற்றியே. அன்பு குறைந்துவிட்டதாக இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம்.

6. மன அழுத்த மண்டலம்: அச்சத்தையும் எச்சரிக்கையையும் ஆளும் அமிக்டலா பகுதியில் மன அழுத்த வேதிப்பொருள்கள் மிகுகின்றன. எரிச்சல், அழுகை, சினம், நம்பிக்கையின்மை ஆகியன இதன் வெளிப்பாடுகள்.

எவ்வளவு காலம் நீடிக்கும்?

இது மருந்தின் வகை, பயன்படுத்திய அளவு, காலம் ஆகியவற்றைப் பொறுத்தது.

• ஹெராயின் போன்ற குறுகிய நேரம் செயல்படுபவை: கடைசியாக எடுத்த 8 முதல் 24 மணி நேரத்திற்குள் அறிகுறிகள் தொடங்கும். இரண்டாம், மூன்றாம் நாள்களில் உச்சமடைந்து 4 முதல் 10 நாள்களில் தணியும்.
• மெத்தடோன் போன்ற நெடுநேரம் செயல்படுபவை: 12 முதல் 48 மணி நேரத்தில் தொடங்கி 10 முதல் 20 நாள்கள் வரை நீடிக்கலாம். கடுமை சற்றுக் குறைவாக இருக்கலாம்.

உடல் அறிகுறிகள் தணிந்த பின்னரும் தூக்கக் குறைவு, சோர்வு, மனச்சோர்வு, மருந்தின் மீதான வேட்கை ஆகியவை வாரங்களோ மாதங்களோ தொடரலாம். பழைய நண்பரைக் காண்பதும், முன்பு பயன்படுத்திய இடத்தைக் கடப்பதும் அவ்வேட்கையைத் திடீரெனக் கிளப்பலாம். மூளை பதித்து வைத்துள்ள நினைவுகளே இதற்குக் காரணம்.

மிகுந்த ஆபத்து எப்போது?

ஓபியாய்டு விலகல் பெருந்துன்பம் தருவதாயினும், உடல்நலமுள்ள ஒருவருக்கு உரிய கவனிப்பு இருந்தால் உயிராபத்து அரிது. வாந்தியும் வயிற்றுப்போக்கும் கவனிக்கப்படாமல் நீர்ச்சத்து இழப்பு ஏற்பட்டால் உயிருக்கு ஆபத்து நேரலாம்.

பெரிய ஆபத்து அதன்பின் காத்திருக்கிறது. சில நாள்கள் மருந்தின்றி இருந்தாலே தாங்குதிறன் வேகமாகக் குறைகிறது. ஆனால் வேட்கை குறைவதில்லை; முன்பு எடுத்த அளவும் நினைவில் நிற்கிறது. மறுபடியும் அதே அளவை எடுத்தால், மூச்சை ஆளும் மூளைப்பகுதி அதனைத் தாங்காமல் செயலிழக்கிறது. போதை மீட்பு மையத்திலிருந்து வீடு திரும்பியவர்களும், சிறையிலிருந்து விடுதலையானவர்களும் முதல் சில வாரங்களில் மிகுதியாக உயிரிழப்பது இக்காரணத்தால்தான்.

ஆகவே, "பத்து நாள் அறையில் பூட்டி வைத்தால் சரியாகிவிடும்" என்ற எண்ணம் தவறானது. பத்து நாளில் உடலிலிருந்து மருந்து நீங்கும், நோய் நீங்காது. தொடர் சிகிச்சையின்றி வெளியே வருபவர், சிகிச்சைக்கு முன் இருந்ததைவிடக் கூடுதலான ஆபத்தில் இருக்கிறார். நன்றாகத் தேறிவிட்டார் என்று குடும்பம் நிம்மதி அடையும் நேரமே மிகுந்த விழிப்பு தேவைப்படும் நேரம்.

சிகிச்சை முறைகள்

பியூப்ரெனார்பின், மெத்தடோன்: இவையும் ஓபியாய்டு ஏற்பிகளிலேயே பொருந்துகின்றன, ஆனால் மெதுவாகவும் நெடுநேரமும் செயல்படுகின்றன. இதனால் ஏற்ற இறக்கமின்றி மூளை நிலைபெறுகிறது. விலகல் அறிகுறிகளும் வேட்கையும் அடங்குகின்றன. பியூப்ரெனார்பின் ஏற்பியை ஓரளவே தூண்டுவதால், தனித்து எடுக்கும்போது மூச்சடங்கும் ஆபத்து குறைவு. நாவின் அடியில் வைத்துக் கரைக்கும் மாத்திரையாக இது கிடைக்கிறது. இவ்விரண்டும் 2005 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துகள் பட்டியலில் இடம்பெற்றுள்ளன. இச்சிகிச்சை தொடரும் காலத்தில் உயிரிழப்பு வெகுவாகக் குறைகிறது.

பியூப்ரெனார்பினை எப்போது தொடங்குவது என்பதை மருத்துவரே முடிவு செய்வார். வேறு ஓபியாய்டு உடலில் மிகுதியாக இருக்கும்போது இதனை எடுத்தால், அது அம்மருந்தை ஏற்பியிலிருந்து அகற்றி, கடும் விலகல் நிலையைத் திடீரென உண்டாக்கும். எனவே, கடைசியாக எதை, எவ்வளவு, எப்போது எடுத்தீர்கள் என்பதை மறைக்காமல் கூறுங்கள்.

குளோனிடின்: லோகஸ் செருலியஸின் மிகைச் செயல்பாட்டை இது தணிக்கிறது. வியர்வை, படபடப்பு, பதற்றம் குறையும். இரத்த அழுத்தத்தையும் குறைக்கும் என்பதால் மருத்துவக் கண்காணிப்பு தேவை. வேட்கையை இது போக்குவதில்லை.

நால்ட்ரெக்ஸோன்: ஏற்பியை முழுமையாக அடைத்துவிடும் மருந்து. உடலில் ஓபியாய்டு இல்லை என்று உறுதியான பின்னரே, பொதுவாக 7 முதல் 10 நாள்கள் கழித்தே, தொடங்கப்படும்.

உளவியல் ஆலோசனை: வேட்கையைத் தூண்டும் சூழல்களை இனங்காணவும், குடும்ப உறவுகளைச் சீர்செய்யவும், வேலைக்குத் திரும்பவும் இது துணை புரியும். மருந்தும் ஆலோசனையும் இணைந்து செல்வதே சிறந்தது.

தனிக் கவனம் தேவைப்படுவோர்

வலிச் சிகிச்சை பெறுவோர்: புற்றுநோய் வலிக்காக மார்ஃபின் எடுப்பவருக்கும் உடல்சார் சார்புநிலை உருவாகும். அது நோயல்ல, போதைப் பழக்கமும் அல்ல. தீங்கு நேர்ந்தும் கட்டுப்படுத்த இயலாமல் தொடர்வதையே பயன்பாட்டுக் கோளாறு என்கிறோம். அச்சத்தால் வலி மருந்தைத் திடீரென நிறுத்தாதீர்கள். தேவை முடிந்ததும் மருத்துவர் படிப்படியாகக் குறைப்பார்.

கர்ப்பிணிகள்: திடீர் நிறுத்தம் கருச்சிதைவுக்கும் குறைமாதப் பிரசவத்திற்கும் வழிவகுக்கலாம். மகப்பேறு மருத்துவரின் கண்காணிப்பில் மாற்று மருந்துச் சிகிச்சை தொடர்வதே பாதுகாப்பானது. பிறந்த குழந்தைக்கு விலகல் அறிகுறிகள் தோன்றினால் அவற்றுக்கும் சிகிச்சை உண்டு.

டிராமடால் பயன்படுத்தியோர்: இது செரட்டோனின், நோர்அட்ரினலின் ஆகியவற்றையும் பாதிப்பதால், வழக்கமான அறிகுறிகளுடன் கடும் அச்சம், குழப்பம், இல்லாதவை தோன்றுதல் ஆகியனவும் சிலருக்கு ஏற்படலாம். அதிக அளவில் எடுத்தால் வலிப்பு வரக்கூடும்.

மதுவோ தூக்க மாத்திரையோ சேர்த்துப் பயன்படுத்தியோர்: இவற்றைத் திடீரென நிறுத்துவது வலிப்பையும் உயிராபத்தையும் உண்டாக்கலாம். இவர்கள் மருத்துவமனையில் சேர்ந்தே நிறுத்த வேண்டும்.

பராமரிப்பவர் செய்ய வேண்டியவை

• நீர், கஞ்சி, மோர், இளநீர், உப்பு சர்க்கரைக் கரைசல் ஆகியவற்றைச் சிறிது சிறிதாக அடிக்கடி கொடுங்கள்.
• அமைதியான, காற்றோட்டமுள்ள அறையும் போர்வையும் ஏற்பாடு செய்யுங்கள். குளிரும் வெப்பமும் மாறி மாறித் தோன்றுவது இயல்பு.
• மருத்துவர் தந்த மருந்தை உங்கள் பொறுப்பில் வைத்து, வேளைதோறும் கொடுங்கள். குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.
• விலகல் உச்சத்தில் இருக்கும் நாள்களில் கடந்த காலத் தவறுகளைப் பேசித் தீர்க்க முயலாதீர்கள். அதற்கு வேறு நேரம் வரும்.
• வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரைகளை அளவுக்கு மீறிக் கொடுக்காதீர்கள். லோபெரமைடு மிகுந்தால் இதயத் துடிப்பு சீர்குலையும்.
• சங்கிலியால் கட்டாதீர்கள். மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017 இதனைத் தடை செய்கிறது.
• மீண்டும் பயன்படுத்தியது தெரியவந்தால் வீட்டைவிட்டு வெளியேற்றாமல் மருத்துவரிடம் அழைத்து வாருங்கள். நீரிழிவிலும் இரத்த அழுத்தத்திலும் நோய் மீண்டும் கட்டுப்பாட்டை இழப்பது போன்றதே இதுவும். சிகிச்சையைச் சீர்செய்ய வேண்டும் என்பதற்கான அறிகுறி.

உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டிய நிலைகள்

• நீர்கூட வயிற்றில் தங்காத தொடர் வாந்தி, சிறுநீர் மிகக் குறைதல், மயக்கம்
• வலிப்பு, மனக்குழப்பம், நெஞ்சுவலி, கடும் காய்ச்சல்
• உயிரை மாய்த்துக்கொள்ளும் பேச்சு அல்லது முயற்சி

அளவு மீறியதன் அறிகுறிகள்: அழைத்தாலும் அசைத்தாலும் விழிக்காமை, மூச்சு மிக மெதுவாதல் அல்லது குறட்டை போன்று திணறுதல், உதடும் நகமும் நீலமாதல், கண்மணி ஊசிமுனை போல் சுருங்குதல். இவற்றைக் கண்டால் உடனே 108-ஐ அழையுங்கள். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மூச்சு நின்றிருந்தால், பயிற்சி பெற்றவர் செயற்கை மூச்சு அளிக்க வேண்டும். தனியே விட்டுச் செல்லாதீர்கள். வாயில் எதையும் ஊற்றாதீர்கள். நலாக்சோன் என்னும் மருந்து சில நிமிடங்களில் மூச்சை மீட்கும். எனவே, எடுத்தது எது என்பதை மறைக்காமல் மருத்துவக் குழுவிடம் கூறுங்கள். மருந்தின் தாக்கம் திரும்பக்கூடும் என்பதால், விழித்தெழுந்தாலும் மருத்துவமனைக்குச் செல்வது கட்டாயம்.

அடிக்கடி எழும் ஐயங்கள்

ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதையா?
இல்லை. உரிய அளவில் பியூப்ரெனார்பினோ மெத்தடோனோ எடுப்பவர் மயக்கமின்றி வேலை செய்யலாம், குடும்பத்தைக் கவனிக்கலாம். கண்ணாடி பார்வையை நிலைப்படுத்துவது போல, இது நரம்பு மண்டலத்தை நிலைப்படுத்துகிறது.

எவ்வளவு காலம் எடுக்க வேண்டும்?
ஒவ்வொருவருக்கும் வேறுபடும். சிலருக்கு மாதங்கள், சிலருக்கு ஆண்டுகள் ஆகும். நன்றாக இருக்கிறோம் என்று தாமாகவே நிறுத்துவதே மீண்டும் பழக்கத்திற்குத் திரும்பப் பெரிதும் காரணமாகிறது.

மூளை முழுமையாகச் சரியாகுமா?
பெரும்பாலான மாற்றங்கள் காலப்போக்கில் சீரடைகின்றன. தூக்கம், பசி, மகிழ்ச்சி ஆகியவை படிப்படியாகத் திரும்பும். இதற்குக் காலமும் தொடர் சிகிச்சையும் தேவை.

சிகிச்சைக்கு வந்தால் காவல்துறைக்குத் தெரிவிப்பார்களா?
சிகிச்சை விவரங்களை இரகசியமாகக் காப்பது மருத்துவரின் கடமை. சட்டமும் அதனை வலியுறுத்துகிறது. மேலும், போதைப்பொருள் சட்டம், 1985-இன் 64அ பிரிவு, சிறிய அளவு தொடர்பான குற்றச்சாட்டுக்கு உள்ளானவர் தாமாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் முழுமையாகச் சிகிச்சை பெற்றால் வழக்கு நடவடிக்கையிலிருந்து விலக்குப் பெற வழிவகுக்கிறது.

எங்கே உதவி பெறலாம்?

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள், மாவட்டத் தலைமை மருத்துவமனைகள் ஆகியவற்றின் மனநலப் பிரிவை அணுகுங்கள். தொலைபேசி வழியே உதவி பெற:

• 14446: தேசிய போதை மீட்பு உதவி எண்
• 14416: டெலி மானஸ் மனநல ஆலோசனை
• 104: தமிழ்நாடு அரசு மருத்துவ உதவி எண்
• 108: அவசர ஊர்தி

முதல் முறை வரும்போது எடுத்த மாத்திரைகளின் அட்டை, பழைய மருத்துவச் சீட்டுகள் ஆகியவற்றை உடன் கொண்டு வாருங்கள். தனியே வரத் தயங்கினால் நீங்கள் நம்பும் ஒருவரை அழைத்து வாருங்கள். பாதிக்கப்பட்டவர் வர மறுத்தால், குடும்பத்தினர் மட்டும் முதலில் வந்து ஆலோசனை பெறலாம்; பல குடும்பங்களில் சிகிச்சை அவ்வாறே தொடங்குகிறது.

இப்பக்கத்தில் உள்ள விவரங்கள் பொது விழிப்புணர்வுக்கானவை. மருந்தைத் தொடங்குதல், நிறுத்துதல், அளவை மாற்றுதல் ஆகியவற்றை மருத்துவரின் ஆலோசனைப்படியே செய்யுங்கள்.